அண்ணன் கியர் மாற்றிய மெஷின்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நிலானி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எங்கள் பரிசோதனைப் பிரிவில் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளை அவள், பொறியியல் படித்தவள். போனில் போக்கர் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் ஒன்று ஒன்றாகப் பந்தயம் வைத்துத் தோற்றுக்கொண்டு வருகிறாளாம். இனி ஐந்தாகக் கூட்டினால் நல்ல சீட்டு வருமா என்று கேட்டாள்.

வராது என்றேன். அன்ரிக்கு அது எப்படித் தெரியும் என்றாள். அதைப் பார்ப்பதற்குத்தான் ஒரு காலத்தில் எனக்குச் சம்பளம் தந்தார்கள் என்றேன்.

ஆஸ்பத்திரிகளில் சேலைன் ஏற்றும் பம்புகளைச் சோதிப்பதற்கென்றே நான் பிறந்து வளர்ந்தேன் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். சூதாட்ட மெஷினில் தொழில் பழகிவிட்டுத்தான் நோயாளிகளின் பம்புக்கு வந்தேன் என்று தெரிந்ததும் ஒருவன் வாய்க்குக் கொண்டுபோன கேக்கைத் திரும்பத் தட்டில் வைத்தான். இப்போது கம்பியூட்டர் ஒன்று நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இலட்சக்கணக்கில் ஆடிப் பார்த்துச் சொல்லிவிடுமாம். அப்படியென்றால் அன்ரி விரலால் ஆடிய கதையை யாராவது எழுதிவைக்க வேண்டும், நீங்களே எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எண்பதுகளில் மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்த தமிழர் என்னென்ன வேலை செய்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்லுவார்கள். கோப்பை கழுவினோம், ஆஸ்பத்திரித் தரை துடைத்தோம், தையல் ஃபாக்டரியில் கை காய்த்தோம். நான் காலையில் பஸ் பிடித்துப் போய், முழங்கால்வரை இருந்த பனிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாயங்காலம்வரை சூதாடினேன். மட்டக்களப்பில் மாதாவின் பெயரில் நடந்த பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிள்ளை நான். கோவிலில் சனம் கேட்டால் ரீவி செய்யும் இடத்தில் வேலை என்று சொல்லிவைத்தேன். திரை இருந்தது உண்மைதானே. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சுவாமியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெல்லுகிற காசு யாருக்கு என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லைச் சுவாமி, வெறும் புள்ளிதான் என்றேன். அப்படியானால் அது பாவமல்ல, வெறும் களைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நானும் என் மூத்த அண்ணன் அந்தோனியும் ஒன்றாகத்தான் வந்தோம். முதல் குளிர்காலம் பிரெஞ்சு வகுப்பில் போனது. அடுத்ததில், சென்-லோரான் பக்கம் சின்ன வேலைத்தலம் ஒன்றில் ஈயம் பற்றவைக்கச் சேர்ந்தேன். போக்கர் மெஷின்களுக்கு உள்ளே போகும் பலகைகளில் கம்பி ஒட்டும் வேலை. எல்லா மெஷினின் நெற்றியிலும் 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்று ஒரு தகடு அடித்துத்தான் வெளியே விடுவோம். அதை வாங்கிப்போகும் தவறணைகளில் வெல்லுகிற புள்ளிக்கு மேசைக்குக் கீழால் காசு கைமாறும் என்பது முதலாளிக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு அவர் மிகவும் பாடுபட்டார்.

தவறணை என்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. நான் வகுப்புக்குப் போகாமலே விளங்கிக்கொண்ட முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான். இவர்கள் தவேர்ன் என்கிறார்கள். நாங்கள் ஊரில் கள்ளு விற்ற இடத்துக்கு வைத்த பெயரை இஞ்ச வந்து பெரிய எழுத்தில் விளக்குப் போட்டு மாட்டியிருந்தார்கள்.

பரிசோதனை மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் மதாம் கொலெத். உயரமான, ஒல்லியான மனுசி. கண்ணாடியை ஒருநாளும் போட்டு நான் காணவில்லை. அதன் காதுக் காம்பால் மேசையைத் தட்டுவதற்கு மட்டும் வைத்திருந்தார். ஒருமுறை தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தரம் தட்டினால் 'ரெகொமான்ஸ்' என்று மெதுவாகச் சொல்லுவார். திரும்பச் செய் என்பதுதான் அதற்கு அர்த்தம். கோபித்து நான் பார்த்ததில்லை. ஜெசிந்தா என்ற என் பெயரைக் கண்டதும் சந்தோசப்பட்டார். அவருடைய சின்னம்மாவுக்கும் அதே பெயராம், ஆனால் கெபெக்கில் அதை 'ழசான்த்' என்று சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து வேலைத்தலத்தில் நான் ழசான்த். சீட்டு விளையாடத் தெரியுமா என்று கேட்டார். ஊரில் முந்நூற்று நாலு விளையாடுவோம், போக்கர் தெரியாது என்றேன். உடனே என்னைச் சோதனை மேசைக்கு எடுத்துக்கொண்டார். போக்கர் தெரிந்தவர்கள் வெல்லப் பார்க்கிறார்களாம், அவருக்குப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு ஆள் தேவையாம்.

பழகிய கதையை நீட்டமாட்டேன். முந்நூற்று நாலில் ஜாக்கும் ஒன்பதும்தான் ராசா. அதனால் முதல் மாதம் முழுக்க, திரையில் ஒரு ஒன்பது வந்தால் என் கை தானாகவே மரியாதை செய்து அதைப் பிடித்துவைத்தது. மதாம் இரண்டு தரம் தட்டுவார்.

முறை இதுதான். மெஷினுக்குப் புள்ளி ஏற்றிவிட்டு, பந்தயப் பொத்தானை ஒருமுறை அமத்த வேண்டும். பந்தயம் ஒன்று என்று திரை காட்டும், மூலையில் புள்ளியில் ஒன்று குறையும்; ஐந்து வைக்க ஐந்து தரம் அமத்த வேண்டும். சீட்டுக் கேட்டால் ஐந்து சீட்டு விழும். வேண்டியதைப் பிடித்து வேண்டாததை மாற்றி, வந்த கைக்கு மெஷின் சரியான புள்ளி தருகிறதா என்று கண்ணாடியில் அச்சடித்த அட்டவணையோடு பார்க்க வேண்டும். அப்படி ஒன்றில் ஒரு தொகுதி ஆடி முடித்துவிட்டு இரண்டு, பிறகு மூன்று, இப்படி ஐந்துவரை. மறுகா ஏறியும் இறங்கியும் ஆட வேண்டும். ஒன்றிலிருந்து நேரே ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு. சீட்டு விழுந்த பிறகு பந்தயத்தைக் கூட்டப் பார்க்க வேண்டும். நல்ல மெஷின் மாட்டேன் என்று நிற்கும். இதில் எதையும் இன்னொன்றோடு சேர்த்துச் செய்யக் கூடாது. "யூன் ஷோஸ் ஆ லா ஃபுவா, மா பெல்" என்பார் மதாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், என் வடிவான பிள்ளை. பம்பு சோதித்த காலத்திலும் எனக்கு அதற்கு மேல் ஒரு பாடம் தேவைப்படவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு மதாமின் சொந்தச் சோதனை தொடங்கும். ஆட்களைப் போல ஆட வேண்டும். வெறிகாரன் எப்படி அமத்துவான், மனுசியோடு சண்டை பிடித்துவிட்டு வந்தவன் எப்படிக் குத்துவான், ஹொக்கி பார்த்துக்கொண்டு கை மட்டும் இஞ்ச இருப்பவன் எப்படித் தடவுவான், கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே ஆடுபவனின் விரல் எத்தனை பொத்தானில் ஒன்றாகப் படும். வெறிகாரனை மதாமைப் போல ஆட எனக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் ஒரு துளி குடிக்க மாட்டார்; கன்னத்தைக் கையில் ஊன்றிக் கண்ணை அரைவாசி மூடினால் பியர் மணக்கும்.

இப்படி நல்லதும் கெட்டதும் தற்செயலாக விழுவதை நாள் முழுக்கப் பார்த்த மனுசி, கோவில் மண்டபத்து பிங்கோவுக்குப் போகும்போது தும்பிக்கை தூக்கிய கண்ணாடி யானை ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோவார். யானை வலது பக்கம் பார்த்து நிற்க வேண்டுமாம். ஒருமுறை நான் அந்த யானையைப் பார்த்து, இதை எப்படிச் சோதிப்பது மதாம் என்று கேட்டேன். ஒரு தரம் தட்டினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

இனி அண்ணனிடம் வருவோம். ஊரில் அண்ணன் பஸ் டிறைவர். மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு மலை ஏறுகிற பஸ். இஞ்ச அவருடைய லைசென்சை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொன்ட்ரியால்-நோரில் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். றீட்டா அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அண்ணனின் அகதி விசாரணை முடிந்து பேப்பர் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் சில மணி நேரம் சும்மா கிடைக்கும். வீட்டுக்கு வந்து போகவும் காணாது. பக்கத்துத் தவறணைக்குள் போய்ச் சூட்டில் குந்தியிருக்கத் தொடங்கினார். அங்கே எங்கள் மெஷின் ஒன்று நின்றது.

சில மாதம் போனது. அண்ணன் ஒருநாள் எனக்கு ஒரு குளிர்க்கோட்டு வாங்கிவந்தார். கழுத்தைச் சுற்றி மயிர் வைத்த கோட்டு. போட்டுக்கொண்டு போனால் பஸ்ஸில் இரண்டு பேரின் இடம் எனக்கு வேண்டும். காசு ஏது என்று கேட்டேன். மெஷினில் வெல்லுகிறாராம். நான் அவருக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்குத் திருப்பி ஒரு பிரசங்கம் வைத்தார். ஒரே அளவில் பந்தயம் வைப்பவன் விசரனாம். முதலில் ஒன்று ஒன்றாகப் போக வேண்டுமாம். மெஷின் இழுக்கத் தொடங்கும்போது ஒரு சத்தம் மாறுமாம், அது டிறைவருக்குத்தான் கேட்குமாம். அப்போது பந்தயத்தைக் கூட்ட வேண்டும்; இறக்கம் வந்தால் குறைக்க வேண்டும்.

"ஒரே கியர்ல பதுளை மலை ஏறேலுமா கா?" என்றார்.

மெஷின் தன்பாட்டில் சீட்டைக் கலைக்கிறது, நீங்கள் எவ்வளவு வைத்தீர்கள் என்பது கலைக்கிற பகுதிக்குத் தெரியவே தெரியாது என்றேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதைக்காத மாமியும் மருமகளும் போல அதுவும் இதுவும். பந்தயத்தைக் கூட்டினால் வெற்றியும் தோல்வியும் பெருகுமே தவிர, சீட்டு மாறாது. அண்ணன் என் கோட்டைப் பார்த்தார்.

பனி கரையத் தொடங்கின நாட்களில், காலையில் வேலைத்தலத்துக்குள் நுழையும்போது சோதனை மேசைக்குப் பக்கத்தில் பாவித்த மெஷின் ஒன்று நின்றது. பியர் ஊற்றிக் காய்ந்த மணம். அதற்குப் பக்கத்தில் மெசியூ ரொலான் என்ற தவறணைக்காரர் நின்றார். நகம் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்த சின்ன மனிதர். யாரோ ஒருவன் பந்தயத்தை ஏற்றி இறக்கி அவருடைய மெஷினைக் கறக்கிறானாம். வேறு எவர் அப்படி ஆடினாலும் வருவதில்லையாம். அவனைப் பற்றி விசாரித்தபோது, அவனே நெஞ்சை நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நாலு சொல் சொன்னானாம்: "மா சேர், மஷீன், ஃபாப்ரிக்." என் தங்கச்சி, மெஷின், ஃபாக்டரி.

அது என் அண்ணன்தான். தங்கச்சியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. மற்ற எல்லாருக்கும், வேலைத்தலத்துக்குள் இருந்து ஒருத்தி மெஷினின் இரகசியத்தை விற்கிறாள் என்று விளங்கியிருந்தது. ரொலான் பொலிஸ் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டால் அந்த நாட்களில் எங்களுக்கு வேறு ஒன்றும் கேட்காது. அண்ணனுடைய விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. ஒரு பொலிஸ் பதிவு போனால் அண்ணியும் பிள்ளைகளும் எங்கே நிற்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மதாம் கொலெத் கண்ணாடிக் காம்பால் மெஷினின் நெற்றித் தகட்டை ஒரு தரம் தட்டினார். பொழுதுபோக்குக்கு மட்டும் என்ற மெஷினில் எதைத் திருட்டுக் கொடுத்ததாகப் பொலிசிடம் சொல்லப்போகிறாய் ரொலான் என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. ஆனால் முதலாளி தன் அறைக் கதவில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை அன்றே அனுப்பிவிடலாம் என்று மதாமிடம் சொன்னார். முதலில் மெஷின், பிறகு மனிதர் என்றார் மதாம்.

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் இருவரும் மாறி மாறி அந்த மெஷினை ஆடினோம். ஒன்றிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்று. வெறிகாரன், கோபக்காரன், கையுறைக்காரன். மெஷின் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒழுங்காக நடந்தது. மெஷினில் பிழை இல்லை என்றால் பிழை என்னில் என்றுதான் முடியும். அதனால் நான் அதில் ஒரு பிழை இருக்க வேண்டும் என்று மன்றாடினேன். மெஷினில் பிழை வரச் சொல்லி மன்றாடின பரிசோதகர் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வீட்டில் அண்ணனைக் கேட்டேன். கையில் ஏதாவது வைத்திருந்தீர்களா, யாராவது ஏதாவது சொல்லித் தந்தார்களா என்று. அவருக்குக் கோபம் வந்தது. களவு செய்தேனா என்று கேட்டதற்கல்ல, யாராவது சொல்லித் தந்தார்களா என்று கேட்டதற்கு. பிறகு விசாரணையை நினைவுபடுத்தினேன். அப்போதுதான் முகம் மாறியது. அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே வைத்திருந்தார்.

ஆளைக் கூட்டிவரச் சொல்லி மதாம் சொன்னார். சனிக்கிழமை காலையில் அண்ணன் கோவிலுக்குப் போகும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ரொலானும் வந்திருந்தார். அண்ணன் மெஷினுக்கு முன்னால் இருந்தார். நான் மொழிபெயர்ப்பு. எப்படி ஆடுகிறாய் என்று மதாம் கேட்க, அண்ணன் பதுளை றோட்டைப் பற்றி விளக்கினார். உங்கள் மெஷின் மலை ஏறுகிறதாம் மதாம் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? மதாம் தலையை ஆட்டி, ஏறட்டும் என்றார்.

அண்ணன் ஒன்று ஒன்றாக ஆடினார். எல்லாம் ஒழுங்கு. மறுகா சத்தத்துக்குக் காது கொடுத்துவிட்டு, பந்தயத்தைக் கூட்டப் பொத்தானை ஒரு தரம் அமத்தினார். திரையில் பந்தயம் ஐந்து என்று நின்றது. மூலையில் புள்ளி ஒன்றுதான் குறைந்தது. ஐந்து வைத்ததாகக் காட்டி, ஒன்றைத்தான் எடுத்தது மெஷின். வென்றபோது ஐந்துக்கு உரியதைக் கொடுத்தது.

மதாம் எழும்பி நின்றுவிட்டார். அண்ணனை விலக்கிவிட்டுத் தான் இருந்து ஆடினார்; பிழை வரவில்லை. நான் ஆடினேன், வரவில்லை. திரும்ப அண்ணன், வந்தது. ரொலான் வெற்றி பெற்றவர் போலச் சிரித்தார். கையில் காந்தம் இருக்கிறது என்றார். சேர்ட்டுக் கையை மடிக்கச் சொன்னார்கள், மடித்தார். பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டினார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார் ரொலான். அது றீட்டா அண்ணி போட்ட கலியாண மோதிரம். கோப்பை கழுவிக் கழுவிக் கை வீங்கியிருந்ததால் கழலவில்லை. நான் சவர்க்காரம் கொண்டுவந்தேன். அண்ணன் கை கழுவும் தொட்டியடியில் நின்று கழற்றி, என் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

திரும்ப இருந்து ஆடினார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பிருக்கவில்லை. கையில் மோதிரத்தோடு குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் காலைக் கண்டேன். அண்ணனின் இடது கால். பந்தயத்தைக் கூட்டும் நேரம் மட்டும் சப்பாத்து நிலத்தில் அழுந்தியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்தது.

"அண்ணன், காலால என்ன செய்யிறீங்க?"

"எந்தக் கால்?" என்றார்.

அவருக்கே தெரியாது. திரும்பச் செய்யச் சொன்னேன். இந்தமுறை காலையும் கையையும் சேர்த்துப் பார்த்தேன். கால் எழும்புகிற அதே வேகத்தில் பெருவிரலும் பொத்தானிலிருந்து எழும்பியது. பஸ்ஸை மலையில் நிறுத்திவைத்துவிட்டுச் சனத்தைக் குலுக்காமல் கிளச்சை விடுவாரே, அப்படி. நாங்கள் எல்லாரும் பொத்தானை அமத்திவிட்டு விரலைச் சட்டென்று எடுக்கிறோம். வெறிகாரனும் எடுக்கிறான், கோபக்காரனும் எடுக்கிறான். உலகத்தில் ஒருவரும் ஒரு பொத்தானை இவ்வளவு பக்குவமாக விட்டதில்லை.

மதாமிடம் சொன்னேன். பொத்தானை எப்படி அமத்துகிறார் என்று பார்க்காதீர்கள், எப்படி விடுகிறார் என்று பாருங்கள் என்று. பிறகு அண்ணனை எழுப்பிவிட்டு நான் இருந்தேன். வாழ்க்கையில் நான் ஒரு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டியதில்லை. அண்ணன் பின்னால் நின்று, விடு, விடு, இன்னும் மெல்ல, எஞ்சின் பிடிக்கிற இடத்தில் கொஞ்சம் நில் என்று சொல்லித் தந்தார். சில தரம் வரவில்லை. பிறகு வந்தது. பந்தயம் ஐந்து, புள்ளியில் ஒன்று. மதாம் இருந்து செய்தார். அவருடையது கியர் மாற்றுகிற பழைய கார், அவருக்கு இரண்டாம் தரமே வந்துவிட்டது.

பின்னால் கழற்றிப் பார்த்தபோது விளங்கியது. அந்தத் தொகுதிக்கு வேறிடத்திலிருந்து வாங்கிய பொத்தான் போட்டிருந்தார்கள். விரல் மெல்ல எழும்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு நடுங்கும். பந்தயம் எண்ணுகிற பகுதி ஒவ்வொரு நடுக்கத்தையும் ஒரு அமத்தலாக எடுத்தது. புள்ளி கழிக்கிற பகுதிக்கு ஒரேயொரு அமத்தல்தான் தெரிந்தது. மதாம் ரொலானைக் கூப்பிட்டு இருக்கவைத்து அவருடைய பெருவிரலாலேயே அதைச் செய்துகாட்டினார். அவர் தன் விரலையே சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அண்ணனுக்குக் கை கொடுத்துவிட்டு, இனிப் பியருக்கு மட்டும் வரலாம் என்றார். முதலாளியின் அறைக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

நான் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சவர்க்காரம் இல்லாமலே உள்ளே போனது.

எல்லாருக்கும் ஆறுதல், அண்ணனைத் தவிர. களவு செய்தவர் என்று நினைத்தபோதுகூட அவர் இவ்வளவு வாடவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது வழி முழுக்க யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டார்:

"பொத்தான் கிடக்கட்டும் தங்கச்சி. நான் கியர் மாத்தின நேரம் நல்ல சீட்டு வந்ததா, இல்லையா?"

அன்று குசினி மேசையில் ஒரு கட்டுச் சீட்டையும் ஒரு சுண்டு கடலையையும் வைத்து அவருக்குக் காட்டினேன். நான் கலைத்துப் போட்டேன். அவர் கடலையால் பந்தயம் வைத்தார். ஒன்று வைத்தாலும் ஐந்து வைத்தாலும் கட்டிலிருந்து வருவது அதே சீட்டுத்தான், கடலையைச் சீட்டு பார்க்காது என்று திரும்பத் திரும்ப ஆடிக் காட்டினேன். ஐந்து வைப்பதில் ஒரேயொரு விசேசம் உண்டு: ஒரே சின்னத்தில் பத்திலிருந்து ஏஸ்வரை வந்தால் அட்டவணை ஐந்துக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கும். ஆனால் அந்தக் கை வருவதற்குள் கோப்பை கழுவி ஒரு ரெஸ்ரோறண்டே வாங்கிவிடலாம். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். பாதிக் கடலையைத் தின்றும் முடித்தார். பிறகு எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு, "இது சீட்டுக் கட்டு. அது மெஷின்" என்றார்.

அடுத்த கிழமை மதாம் ஒரு காரியம் செய்தார். அதே பொத்தான் போட்ட மற்ற மெஷின்களையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். எதில் தகடு நடுங்குகிறது, எதில் இல்லை என்று பார்க்க வேண்டும். என் விரலும் அவருடைய விரலும் பத்துக்கு ஒன்றுதான் சரியாக எழும்பின. உன் அண்ணனைச் சனிக்கிழமைகளில் வரச் சொல், மற்றப் பரிசோதகருக்குக் கொடுக்கும் சம்பளம் கொடுப்போம் என்றார். அண்ணன் சேர்ட்டு மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வரிசையாக நின்ற மெஷின்களுக்கு முன்னால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு முக்காலியை இழுத்துக்கொண்டு, இடது காலை நிலத்தில் அழுத்தி, பெருவிரலை எழுப்பிக்கொண்டே போனார். மதாம் பின்னால் நின்று பார்த்தார். என்னை இரண்டு தரம் தட்டித் திருத்திய மனுசி, அண்ணனுக்கு ஒரு தரமும் தட்டவில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

மதாமின் சோதனை ஆட்களில் அன்றிலிருந்து ஒருவர் கூடினார். வெறிகாரன், கோபக்காரன், கையுறைக்காரன், 'ல ஷோஃபேர்'. டிறைவர். நான் பிறகு பம்பு செய்யும் இடத்துக்கு மாறிப்போனபோதும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். அங்கேயும் புதிதாக ஒரு பொத்தான் வந்தால் முதலில் டிறைவரைப் போல விடுவேன். ஒருமுறை, நோயாளிக்கு மருந்து போகும் அளவைக் கூட்டும் பொத்தான் ஒன்றில் அந்த நடுக்கத்தை அப்படித்தான் பிடித்தேன். பிள்ளைகளே, நீங்கள் இன்றைக்கும் 'மெல்ல விடும் சோதனை' என்று ஒன்றைச் செய்கிறீர்கள் அல்லவா, அது எங்கே இருந்து வந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை.

அண்ணன் பொத்தான் மாற்றிய மெஷினில் திரும்பவும் ஆடிப் பார்த்தார். ஏற்றினார், இறக்கினார், சத்தத்துக்குக் காது கொடுத்தார். தோற்றார். பொறாமையில் நல்ல மெஷினைக் கெடுத்துவிட்டோம் என்று எங்களைப் பேசிவிட்டு, ஆட்டத்தையே விட்டுவிட்டார். விசாரணை நல்லபடி முடிந்தது. அண்ணியும் பிள்ளைகளும் வந்து இறங்கியபோது அண்ணன் பேக்கரி ஒன்றுக்குப் பாண் ஏற்றும் வான் ஓட்டத் தொடங்கியிருந்தார். அதன் பிறகு மத்தியானத்தில் சும்மா கிடைக்கும் நேரத்தை அண்ணி அவருக்கு விட்டுவைக்கவில்லை.

போன வைகாசியில் அண்ணனின் பேத்திக்குக் கோவிலில் முதல் நன்மை கொடுத்தார்கள். மண்டபத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் அவரைச் சுற்றி இருந்தார்கள். அவர் தமிழும் பிரெஞ்சுமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இந்த மொன்ட்ரியாலில் போக்கர் மெஷின் ஒன்றை அவர் வென்று வென்று, அதைச் செய்த ஃபாக்டரிக்காரர் பயந்து, விற்ற மெஷின்களையெல்லாம் திருப்பி எடுத்து, அவரையே கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்து, அவர் சொன்னபடி திருத்தினார்களாம். பேத்தி நம்பவில்லை. வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, "ஸே வ்ரே?" என்று கேட்டாள். உண்மையா?

அண்ணன் அங்கிருந்து என்னைப் பார்த்தார். நான் இவ்வளவு காலமும் சம்பளம் வாங்கியது ஒன்று சரியா பிழையா என்று சொல்வதற்கு. அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வென்றாரா? வென்றார். பயந்தார்களா? பயந்தார்கள். திருப்பி எடுத்தார்களா, சம்பளம் கொடுத்தார்களா, திருத்தினார்களா? எல்லாம் நடந்தது.

"ஓம் மனே, உண்மைதான்" என்றேன்.

நான் மறுத்துச் சொல்வேன், அதற்குத் தான் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்த அண்ணன், திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார்.